ஒரே அப்பம், எத்தனை பந்தி?

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சாலை வழியில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்த இடைவெளிக்குள் இரண்டு புராட்டஸ்டண்டு மரபுகள் நூறாண்டுக்கும் மேலாக அண்டை வீட்டாராக வாழ்ந்து வருகின்றன. சித்தூர்ப் பக்கம் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் நட்ட சபைகள். இன்று அவை தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கின்றன. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டது தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை. இரு தரப்புக்கும் வேதம் ஒன்று. பாட்டுகளில் பல பொது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தடையில்லாமல் நடக்கிறது. சம்பந்தி வீட்டுக் கல்யாண விருந்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், கர்த்தருடைய பந்தி என்று வரும்போது மட்டும் தனித்தனிச் சபைகளாகிவிடுகிறார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் புத்தகப் பதில் ஒன்று உண்டு. அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்து எவ்விதமாக இருக்கிறார் என்ற கேள்வியில் லுத்தரன்களும் சீர்திருத்த சபையாரும் பிரிந்தார்கள் என்பது அந்தப் பதில். அது பொய்யில்லை. ஆனால் இந்த மண்ணில் மக்களைப் பந்தியிலிருந்து பிரித்து வைத்தது பெரும்பாலும் அந்தக் கேள்வியல்ல என்பதே என் முடிவு. சாதி பிரித்தது, மொழி பிரித்தது, சர்க்கார் சான்றிதழ் பிரித்தது, ஆயர் பற்றாக்குறை பிரித்தது. இறையியலாளர்கள் முதல் கேள்விக்குச் செலவழித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட மற்ற நான்குக்கும் செலவழிக்கவில்லை.

முதலில் புத்தகச் சண்டையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் மார்ட்டின் லுத்தரும் சூரிக் நகரத்து ஸ்விங்ளியும் சந்தித்தார்கள். பதினைந்து பொருள்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவதான திருவிருந்தில் ஒரு பகுதி மட்டும் உடன்படவில்லை. ‘இது என் சரீரம்’ என்பதை எழுத்துப்படி எடுக்கவேண்டும் என்று லுத்தர் பிடிவாதமாக நின்றார். நினைவுகூருதலே அதன் பொருள் என்றார் ஸ்விங்ளி. பின்னால் வந்த கால்வின் நடுவழி ஒன்றைச் சொன்னபோதும் இரு கட்சியாரும் ஒட்டவில்லை.

இந்த ஐரோப்பியச் சண்டை கப்பலேறி வந்து வட ஆர்க்காட்டு ஜில்லாவில் இறங்கியது. 1853-இல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கடர் சகோதரர் மூவர் ஆர்க்காட்டு மிஷனை ஒழுங்குபடுத்தினார்கள். டச்சு வழிவந்த அமெரிக்கச் சீர்திருத்த சபை அவர்களுடையது. வேலூர், சித்தூர், பிறகு மதனப்பள்ளி, பலமனேர், புங்கனூர் என்று அது பரவியது. வடகிழக்கே சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை வழியாக 1860-களின் நடுவில் வந்தது ஹெர்மன்ஸ்பர்க் மிஷன். ஜெர்மனியில் லூயி ஹார்ம்ஸ் என்ற கிராமத்துப் போதகர் குடியானவர்களைத் திரட்டி 1849-இல் தொடங்கிய லுத்தரன் அமைப்பு. காளஹஸ்தி, திருப்பதி, கோடூர் எல்லாம் அதன் வட்டம். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் எதிரி நாட்டாராகிவிட்டதால் அந்தப் பணி அமெரிக்காவின் ஒஹாயோ லுத்தரன் சினடிடம் போனது.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்கவேண்டும். அந்த ஒஹாயோ சினடு சாதாரண லுத்தரன் அமைப்பல்ல. 1867-இல் அமெரிக்க லுத்தரன்கள் பொது மன்றம் ஒன்று அமைத்தபோது அது சேராமல் நின்றதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மாற்றுச் சபையாருக்கு நற்கருணை கொடுப்பதை மன்றம் கண்டிப்பாக விலக்கவில்லை என்பது. ராயலசீமையின் எல்லையில் அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் எடுத்த ஒரு மாலா குடும்பத்துக்கோ மாதிகா குடும்பத்துக்கோ மார்பர்க்கும் தெரியாது, ஒஹாயோவும் தெரியாது. ஆனாலும் அவர்கள் யாரோடு அப்பம் பிட்கலாம் என்பதை அந்த இரண்டு இடங்களும் முடிவு செய்திருந்தன.

அதற்குப் பிறகு நடந்தது தென்னிந்தியர் பெருமைப்படக்கூடிய கதை, பாதியளவுக்கு. 1908-இல் ஆர்க்காட்டு மிஷன் சபைகள் உள்ளிட்ட பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபை ஊழியர்கள் கூடினார்கள். தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அந்தக் கூட்டத்தின் உயிர்நாடி. மேல்நாட்டார் போட்ட பிரிவினைகள் எங்கள் மீது சுமத்தப்பட்டவை, எங்களுடையவை அல்ல என்பது அவர்கள் அறிக்கையின் சாரம். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் கென்யாவின் கிகுயூவில் ஆங்கிலிக்கன் பேராயர்கள் பிற சபையாரோடு ஒரே ஆராதனையில் நற்கருணை எடுத்ததற்காக சான்சிபார் பேராயர் ஃபிராங்க் வெஸ்டன் அந்தப் பேராயர்கள் மீது வேதப்புரட்டு என்று குற்றம் சாட்டியிருந்தார். அப்படிப்பட்ட காலத்தில் தரங்கம்பாடியில் துணிந்தது சிறிய காரியமில்லை. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கத்தீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் ஆட்சியுள்ள ஆங்கிலிக்கன்களும் அது இல்லாதவர்களும் ஒரே சபையாக இணைந்தது உலகத்தில் அதுவே முதல் முறை. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-இல் இறந்துபோனார்.

பாதிக் கதை என்றேனே, மற்ற பாதி இது. சித்தூருக்கு வடக்கே நந்தியாலில் ஆங்கிலிக்கன் மக்களில் பெரும்பகுதியினர் சேர மறுத்தார்கள். லுத்தரன்கள் யாருமே சேரவில்லை. திருப்பதியின் லுத்தரன் சபை 1945-இல்தான் சொந்தக் காலில் நின்றிருந்தது. இரண்டே ஆண்டில் இன்னொரு பெரிய அமைப்பில் கரைந்துபோக அது எப்படி விரும்பும்? 1948 முதல் பத்தாண்டுக்கு மேல் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன்களும் உட்கார்ந்து பேசினார்கள். திருவிருந்து பற்றிய பொதுக் கூற்றும் அதில் உண்டு. நானூறு ஆண்டு தீராத கேள்வியில் இங்கே சில கூட்டங்களில் உடன்பாடு கண்டார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இருந்தும் இணைப்பு நடக்கவில்லை. சொத்து, மேல்நாட்டுத் தாய்ச் சபைகளின் உதவி, பேராயர் பதவிகள், பெரிய சபையில் சிறியவர் காணாமல் போய்விடுவோமோ என்ற பயம்: இவைதான் குறுக்கே நின்றன என்பது என் கணிப்பு.

இதில் வேடிக்கை ஒன்று. ஐரோப்பாவில் 1973-இல் லாய்ன்பெர்க் உடன்படிக்கை மூலம் லுத்தரன்களும் சீர்திருத்த சபையாரும் ஒருவர் பந்தியில் ஒருவர் பங்குகொள்ளச் சம்மதித்தார்கள். அமெரிக்காவில் 1997-இல் அதேபோல் ஓர் உடன்பாடு. அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், ஒஹாயோ சினடின் வாரிசான அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் சபை. இன்னொருவர், ஆர்க்காட்டு மிஷனை அனுப்பிய அதே சீர்திருத்த சபை. சண்டையை நமக்கு வைத்துவிட்டுப் போன பெரியவர்கள் தங்களுக்குள் சமாதானமாகிவிட்டார்கள்.

இனி சாதிக்கு வருவோம். தமிழ் நிலத்துத் திருவிருந்து வரலாற்றை உண்மையாக எழுதினால் நடு அத்தியாயம் இதுதான்.

தஞ்சாவூர்ச் சபையில் ஒரே ஆராதனை, ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்பதெல்லாம் சரி. உட்காரும் இடம் வேறு, பாத்திரத்தருகே வரும் முறை வேறு. வெள்ளாளர் முதலில், தலித் மக்கள் பிறகு. புதிதாக வந்த மிஷனரிகள் இதை மாற்ற முனைந்தபோது எதிர்த்தவர்களில் முதன்மையானவர் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1829-இல் சாதி திருத்த முயல்வது பைத்தியம் என்று ஒரு நூலே எழுதினார். இன்றும் அவர் பாடல்களை உருகிப் பாடுகிறவர்கள் இந்த நூலின் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவதைப் பார்க்கலாம். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் உடனடியாக ஒழியவேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

வில்சனின் கட்டளைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மதுரை அமெரிக்க மிஷன் வேறு வழி கண்டது. வார்த்தையில் சாதியை விட்டேன் என்று சொன்னால் போதாது; தலித் ஒருவர் சமைத்ததை எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்றார்கள். இதற்கு அன்பின் விருந்து என்று பெயர். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் இதைப் பொது விதியாக்கினார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் அதில் சேரவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், மெல்ல மெல்லத்தான் கரையும் என்பது அதன் தலைவர் கார்ல் கிரவுலின் வாதம். அந்த வாதத்தோடு ஒத்துப்போக முடியாமல் லைப்சிக்கை விட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ் 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் போய் இருந்தார். டேனிஷ் மிஷனின் ஆர்க்காட்டு லுத்தரன் சபை அங்கிருந்து முளைத்தது. ஆர்க்காட்டு மிஷன் ஸ்கடர்களும் சாதி விஷயத்தில் வளைந்துகொடுக்காத கட்சி.

அன்பின் விருந்தை நான் முழுமனதாகப் புகழமாட்டேன். ஒருவர் சமைத்த சோற்றை இன்னொருவர் விழுங்குகிறாரா என்று பார்த்துப் பரீட்சை வைப்பதில் ஓர் அவமானம் இருக்கிறது, சமைத்தவருக்கும்தான். ஆனால் அந்த மிஷனரிகள் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்கள். இந்த நாட்டில் சேர்ந்து கும்பிடுவது சுலபம், சேர்ந்து சாப்பிடுவதுதான் கடினம். பீடத்தில் ஒரு துளி ரசத்தைப் பகிர்ந்துவிட்டு வெளியே வந்ததும் அவரவர் தெருவுக்குப் போய்விட முடிகிறது என்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் ஏறக்குறைய எல்லாத் திருவிருந்து ஆராதனையிலும் வாசிக்கப்படுகிறது. பொதுவாக வாசிப்பது கிறிஸ்து அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிய பகுதி. அதற்கு முந்திய வசனங்களில் இருப்பது திட்டு. வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்து வரும் ஏழை பசியோடு நிற்கிறான். ‘பந்திக்கு முந்து’ என்ற நம் ஊர்ப் பழமொழியை அப்படியே வாழ்ந்து காட்டிய சபை அது. அப்பத்தில் கிறிஸ்து எவ்விதமாக இருக்கிறார் என்று பவுல் அங்கே விவாதிக்கவில்லை. காத்திருந்து சேர்ந்து சாப்பிடுங்கள் என்கிறார். சரீரத்தைப் பகுத்தறியாமல் சாப்பிடுவது ஆக்கினை என்று அவர் எச்சரிப்பதும் அந்தப் பந்தியைப் பார்த்துத்தான். நம் மேடைகளிலோ அந்த வசனம் தனிமனிதனின் ரகசியப் பாவங்களைத் தேடச் சொல்லும் எச்சரிக்கையாக மட்டுமே ஒலிக்கிறது.

திருப்பதியில் இருக்கிறவருக்கு இதை இன்னொரு பக்கத்திலிருந்து விளக்கலாம். கோயில் பிரசாதத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வராத பாட்டிக்குக் கொடுக்கலாம், வெளியூருக்கு அனுப்பலாம். புனிதம் அந்தப் பொருளோடு போகும். திருவிருந்தில் சபை கூடவேண்டும். நோயாளிக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் கூடிய சபையின் நீட்டிப்பாகத்தான். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் அப்பத்துண்டைப் பிரசாதமாகவே எடுத்துக்கொள்வது இயல்பு. பழைய விசுவாசிகள் பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் சங்கடம்: வந்தேன், வாங்கினேன், போனேன்.

இதற்கு மருந்தாக அமைந்தது தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் வெளியிட்ட திருவிருந்து முறைமை. உலக வழிபாட்டு வரலாற்றில் இடம்பெற்ற நூல் அது. ஆயர் மேசைக்குப் பின்னால் மக்களைப் பார்த்து நின்றார். ரோமன் கத்தோலிக்கர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு செய்ததை இங்கே முன்கூட்டியே செய்தார்கள். அப்பமும் ரசமும் மக்கள் நடுவிலிருந்து காணிக்கையோடு எடுத்து வரப்பட்டன. கேரளத்துச் சுரியானிச் சபைகளிடமிருந்து சமாதானம் வழங்கும் வழக்கத்தை எடுத்தார்கள்: கூப்பிய கைகளை இன்னொருவர் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து, அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு. தீண்டாமை சட்டப்படி ஒழிந்த அதே ஆண்டில், ஆராதனையின் நடுவில் எல்லாரும் எல்லாரையும் தொடவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இன்று பல சபைகளில் அது தூரத்திலிருந்து ஒரு கும்பிடாகச் சுருங்கிவிட்டது. கொரோனா அதற்கு நல்ல சாக்கு கொடுத்தது.

பாத்திரத்தின் கதையும் அதேதான். ஒரே கிண்ணத்தில் எல்லாரும் குடிப்பது ஆதி வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் காசநோய்க் கிருமி பயம் பரவியபோது தட்டில் அடுக்கிய சின்னஞ்சிறு தனிக் கோப்பைகள் வந்தன. புளிக்காத ரசத்தையும் அமெரிக்கர்தான் கொடுத்தார்கள். 1869-இல் வெல்ச் என்ற மெதடிஸ்டு பல்மருத்துவர் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிப் பதப்படுத்தியது திருவிருந்துக்காகவே. ராஜாஜி அரசு சேலத்துக்கு அடுத்து 1938-இல் மதுவிலக்கைக் கொண்டுவந்த மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. கருப்புத் திராட்சையைக் கொதிக்கவைத்து வடிகட்டும் பக்குவம் இந்தப் பக்கத்துச் சபைக் குடும்பங்களுக்குத் தெரிந்த கைவேலை. கிருமிக்காக வந்த தனிக் கோப்பை யாருடைய எச்சிலும் யார்மீதும் படாமல் பார்த்துக்கொண்டது. எச்சில் என்பது நம் ஊரில் சுகாதாரம் மட்டுமா? 2020-இல் ஊரடங்கின்போது அவரவர் வீட்டில் ரொட்டியும் ரசமும் வைத்துக்கொண்டு செல்போன் திரையில் ஆயரைப் பார்த்து எடுத்தபோது தனித்தனியாகும் இந்தப் போக்கு உச்சத்துக்குப் போனது. அது செல்லுமா செல்லாதா என்று சபைகள் விவாதித்தன. நெருக்கடியில் செய்ததைக் குறை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. நெருக்கடி தீர்ந்தபின்னும் அதுவே வசதி என்று தொடர்வதுதான் இடறல்.

காசநோய் என்றதும் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ஆரோக்கியவரம் நினைவுக்கு வராமல் போகாது. 1915-இல் பல மிஷன்கள் சேர்ந்து நிறுவிய சானடோரியம். அதை வளர்த்த டாக்டர் ஃபிரிமோட்-மோலர், ஓக்ஸ் தொடங்கிவைத்த அதே டேனிஷ் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர். சுற்றுப்புறமோ ஆர்க்காட்டு மிஷனுடையது. சீர்திருத்த சபையாரும் லுத்தரன்களும் ஆங்கிலிக்கன்களும் ஒரே கமிட்டியில் உட்கார்ந்து படுக்கை, பால், மருந்து, சம்பளம் எல்லாவற்றையும் பங்குபோட்டு நடத்தினார்கள். சேர்ந்து பந்தியில் உட்காரலாமா என்று மேலே வாதம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை.

மொழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானது. அதுவரை பெரும்பகுதி வட ஆர்க்காடு. எல்லையூர்ச் சபைகளில் தமிழ் ஆராதனை ஒரு நேரம், தெலுங்கு ஆராதனை ஒரு நேரம் என்பது பழகிப்போன ஏற்பாடு. புரிகிற மொழியில் ஆராதிப்பது நியாயம். ஆனால் ஆண்டுக்குச் சில முறையாவது திருவிருந்தை ஒன்றாக வைப்பதற்குப் பெரிய மொழிப்புலமை தேவையில்லை. என்ன நடக்கிறது என்பது பார்த்தாலே தெரியும்.

சேர்ந்து சாப்பிடுவதைப் பற்றிப் பேசும்போது சுவிசேஷகர் பக்த் சிங்கின் சபைக் கூட்டங்களை விட்டுவிட முடியாது. 1941-இல் சென்னையில் தொடங்கி, பிறகு ஐதராபாத் ஹெப்ரோனை மையமாக்கி ஆந்திரம் முழுவதும் பரவிய இந்த ஐக்கியத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அப்பம் பிட்கிறார்கள். சம்பளப் போதகர் வேண்டியதில்லை; மூப்பர்கள் போதும். ஆராதனை முடிந்ததும் பாயில் உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து சோறும் குழம்பும் சாப்பிடுவார்கள். ஞானஸ்நான விஷயத்தில் அவர்கள் கதவு குறுகலானது, பழைய சபைகளிலிருந்து ஆளைப் பிரித்தார்கள் என்ற வருத்தமும் நியாயமானது. ஆனாலும் பீடத்து அப்பத்தையும் பந்திச் சோற்றையும் பிரிக்காமல் வைத்ததில் பழைய சபைகள் அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.

இன்று அதிகம் பேசப்படாத விலக்கம் வேறு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் ஒருவர் பட்டியல் சாதியினர் இல்லை. ஆந்திரத்தில் அவருக்கு பி.சி. ‘சி’ பிரிவில் ஒரு சதவீத ஒதுக்கீடு மட்டும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போகிறவர் வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்கிறவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்றது. இதன் விளைவு திருவிருந்துப் பந்தியில் தெரிகிறது. வாரம் தவறாமல் வருகிறார், தசமபாகம் கொடுக்கிறார், பிள்ளைக்கு வேதப் பெயர். ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஞானஸ்நானம் இல்லாதவர் பந்திக்கு வரக்கூடாது என்பது சபை விதி. மற்றவர்கள் எழுந்து முன்னால் போகும்போது அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார். வில்சன் காலத்தில் கடைசியாக வந்தவரின் பேரன் இப்போது வரவே முடியாமல் இருக்கிறார். விதியைத் தளர்த்தவேண்டும் என்று சில ஆயர்கள் சொல்கிறார்கள்; ஞானஸ்நானத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று சிலர் மறுக்கிறார்கள். இரண்டாவது தரப்பின் தர்க்கம் பலமானது. ஆனால் அந்த மனிதர் தயங்குவது விசுவாசக் குறைவால் அல்ல, மகளின் கல்லூரி இடத்துக்காக என்பதை அந்தத் தர்க்கம் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியாக ஆள் பற்றாக்குறை. நகரச் சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து என்பது பொதுவான ஒழுங்கு. கிராமத்தில் அப்படியில்லை. ஓர் ஆயரின் கீழ் பல ஊர்கள். உபதேசியார் ஜெபம் நடத்தலாம், பிரசங்கிக்கலாம், அப்பம் பிட்க முடியாது. ஆயர் வரும் முறைக்குக் காத்திருக்கவேண்டும். மழை, சாவு, பேராயத் தேர்தல் என்று ஏதாவது வந்தால் அந்த முறையும் தப்பும். 1912-இல் ரோலண்டு ஆலன் என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி இந்த நிலையைக் கடுமையாக எழுதினார்: ஊரிலேயே மதிப்புள்ள மூப்பரை, சம்பளமில்லாமல், அந்த ஊருக்கு மட்டும் அபிஷேகம் செய்துவிடுங்கள் என்றார். அசரியாவே அவரை அழைத்துப் பேசினார். பெரிதாக எதுவும் மாறவில்லை; பட்டப்படிப்பு, சம்பள விகிதம், இடமாற்றம் என்ற சங்கிலியில் ஆயர் பணி கட்டுண்டிருக்கிறது.

அந்த மாற்றத்துக்குச் சினடு கூடவேண்டும், சட்டம் திருத்தவேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர் தொலைவில் இருந்து, லுத்தரன் போதகர் பக்கத்து ஊரிலேயே இருக்கும் கிராமங்கள் இருக்கும், மறுதலையாகவும் இருக்கும். அங்கெல்லாம் ஒருவர் மற்றவர் சபைக்குப் போய்த் திருவிருந்து நடத்த இரு தலைமையகங்களும் ஒரு பக்கக் கடிதத்தில் அனுமதி கொடுக்கலாம். தாய்ச் சபைகளின் உடன்பாடு 1997 முதல் கையில் இருக்கிறது, நம்முடைய பெரியவர்கள் 1950-களிலேயே எழுதிவைத்த கூற்றும் இருக்கிறது. எந்தக் கிராமத்தில் தொடங்குவது என்பதைச் சித்தூர் ஆயரும் திருப்பதிப் போதகரும் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து முடிவு செய்துகொள்ளலாம்.